லேமினேட் செய்த கடிதம்: வெள்ளவத்தைக் கட்டடப் பாக்கி ஒன்றின் கதை

அந்தக் கடிதத்தை அண்ணை லேமினேட் செய்து வைத்திருந்தார், மழை பட்டாலும் அழியக்கூடாது என்று. கம்பனியின் கடிதத் தலைப்பு, நீல ரப்பர் முத்திரை, பணிப்பாளரின் கையெழுத்து, 2022 ஓகஸ்ட் திகதி. உள்ளே ஆங்கிலத்தில் நாலே வரி. தமிழில் சொன்னால்: உங்களுக்குத் தரவேண்டிய தொகை தீரும்வரை மூன்றாம் மாடியில் உள்ள 3ஏ, 3பி என்ற இரண்டு வீடுகளும் அதற்குப் பொறுப்பு, அவற்றை வேறு யாருக்கும் விற்கமாட்டோம்.

"இது காணும்தானே தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

நான் சட்டத்தரணி இல்லை. அளவைக்காரன், கியூ.எஸ். அண்ணையின் கட்டட வேலைகளுக்கு பில் போடுவது, அளவு எடுப்பது, ஆலோசகரோடு கணக்கில் சண்டை பிடிப்பது என் தொழில். அந்தக் கடிதத்தைப் பார்த்து "நல்ல விஷயம், கவனமா வையுங்கோ" என்றுதான் நானும் சொன்னேன். அந்த நாலு வரியின் பெறுமதி என்ன என்று எங்கள் இருவருக்கும் பத்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆட்களின் பெயர், கம்பனியின் பெயர், ஒழுங்கையின் பெயர் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

வேலையும் பாக்கியும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் பதினாறு பேர்ச் காணி. எட்டு மாடி, பதினாறு வீடு. காணியை வாங்கிக் கட்டி விற்கும் கம்பனி ஒன்று, 2019 நவம்பரில் அண்ணைக்கு கொந்தராத்தைக் கொடுத்தது. 180 மில்லியன் ரூபா, பதினெட்டு மாதம், நிலையான விலை. ஒப்பந்தம், கட்டடத் தொழிலுக்கான அரச நிறுவனமான இக்டாட்டின் மாதிரி ஆவணத்தில்தான் எழுதப்பட்டது (அந்த நிறுவனம் 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தால் சீடா ஆகிவிட்டது, ஆனால் சைட்டில் யாரும் பெயரை மாற்றிச் சொல்வதில்லை). விலையேற்றத்துக்கு ஈடு கேட்கும் வாசகத்தை மட்டும் பேனாவால் வெட்டியிருந்தார்கள். அண்ணை அந்த வெட்டுக்குப் பக்கத்திலேயே கையெழுத்து வைத்திருக்கிறார்.

அப்புறம் கொரோனா. அது முடிய 2022. டொலர் 203 ரூபாவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ஒரு பை சீமெந்து ஆயிரம் ரூபாவளவில் இருந்த காலத்தில் விலை போட்ட வேலையை, பை மூவாயிரத்தை நெருங்கும்போது முடிக்கவேண்டியிருந்தது. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளி, அதாவது ஏழு வீதப் புள்ளி, உயர்த்த, அண்ணையின் ஓவர்டிராப்ட் வட்டியும் பின்னாலேயே ஏறியது. வேலையைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அதற்குக் காரணம் அந்தக் கடிதம்.

கணக்கு இப்படி நின்றது. முதல் பதினாலு பில்லும் பிந்திப் பிந்தியாவது வந்துவிட்டன. 15, 16, 17 ஆகிய மூன்று பில்லுக்கும் ஆலோசகர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். அதில் 31 மில்லியன் வரவில்லை. பிழை வந்தால் திருத்துவதற்கென்று பில்களில் பிடித்துவைத்த ரிட்டென்ஷன் காசு ஐந்து வீதப்படி 9 மில்லியன். கட்டடத்தை ஒப்படைத்ததும் அதில் பாதி வரவேண்டும். விலையேற்றத்துக்கு நான் கணக்குப் போட்டுக் கேட்ட 22 மில்லியன் தனி. அதை ஆலோசகர் ஏற்கவில்லை. பேனா வெட்டு இருக்கும்போது எப்படி ஏற்பார்?

வீடு வாங்கியவர்களில் பாதிப்பேர் டொரண்டோவிலும் லண்டனிலும் இருந்தார்கள். அவர்களுடைய தவணைக் காசு ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. கம்பனிக்கு வந்தது, கம்பனியிலிருந்து எங்களுக்கு வரவில்லை. இந்தப் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியைக் கொடுத்த நாள்

அண்ணை செய்த பெரிய பிழை கடிதத்தை நம்பியது என்று பலரும் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய பிழை சாவியைக் கொடுத்தது.

2022 டிசம்பரில் ஒரு குடும்பம் லண்டனிலிருந்து வந்து நின்றது. தை பிறக்கமுன் குடிபூரல் வைக்க நாள் பார்த்தாயிற்று, ஐயரையும் சொல்லியாயிற்று. பிரதான வாசலின் சங்கிலிப் பூட்டு எங்களுடையது. அந்த அம்மா அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எங்கட காசு முழுக்கக் குடுத்திட்டம்" என்றார். உண்மைதான், கொடுத்திருந்தார்கள். அண்ணை பூட்டைக் கழற்றினார். அன்று பால் பொங்கியது, எங்களுக்கும் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் வந்தது. ஒரு கிழமைக்குள் காவல்காரனும் கம்பனியின் ஆளாகிவிட்டான்.

நம் நாட்டின் பொதுச் சட்டம் உரோமன்-டச்சுச் சட்டம். பிறர் காணியில் காசைக் கொட்டி மேம்படுத்தியவர், அந்தச் செலவு தீரும்வரை காணியை விடாமல் கையில் வைத்திருக்கும் உரிமை ஒன்று அதில் உண்டு. கட்டியவருக்கு அது எவ்வளவு தூரம் செல்லும் என்று வாதாடலாம், ஒப்பந்தத்திலேயே அதைக் கைவிட்டிருந்தால் வாதாடவும் முடியாது. ஆனால் அந்த உரிமையின் உயிர் கைவசத்தில் இருக்கிறது. கையை விட்டுப் போனால் உரிமையும் போய்விடும். சங்கிலிப் பூட்டுத்தான் எங்களிடமிருந்த ஒரே உண்மையான பிணை. அதை ஒரு கிண்ணம் பொங்கலுக்குக் கொடுத்துவிட்டோம். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

காணிப் பதிவகத்தில் கிடைத்தது

2023 மே மாதம் ஒரு தரகர் வாய் தவறி, 3ஏ விற்றாயிற்று என்றார். அடுத்த நாள் காணிப் பதிவகத்தில் தேடுதலுக்குக் காசு கட்டினோம்.

பதிவேட்டின் பக்கத்தைப் பார்க்காதவர்களுக்கு: ஒவ்வொரு காணித் துண்டுக்கும் ஒரு பக்கம், அதில் வரிசையாக உறுதிகள். யார் யாருக்குக் கொடுத்தார், எந்த நொத்தாரிசு, எந்தத் திகதி, எவ்வளவு பெறுமதி. ஒரு குடும்பத்தின் சண்டை சமாதானமெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கும். 3ஏயின் பக்கத்தில் மார்ச் மாதத்து உறுதி ஒன்று. வாங்கியவர் பணிப்பாளரின் மனைவியின் தம்பி. விலை 12 மில்லியன். அதே அளவான 5ஏ முந்தின மாதம் 30 மில்லியனுக்குப் போயிருந்தது.

அந்த 12 எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. காணி முழுவதும் ஏற்கெனவே ஒரு வங்கிக்கு ஈடு. ஒவ்வொரு வீடும் விற்கும்போது வங்கிக்கு ஒரு தொகையைக் கட்டினால் அந்த வீட்டை மட்டும் ஈட்டிலிருந்து விடுவிக்கும். அந்த விடுவிப்புத் தொகை 12 மில்லியன். அதாவது வங்கிக்குக் கட்டவேண்டியதை மட்டும் மைத்துனர் கட்டினார். மிச்சம் 18 காற்றில் போனது.

3பி இன்னும் கம்பனியின் பேரில்தான் இருந்தது.

சட்டத்தரணியின் மேசையில்

புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். கட்டட வழக்குகளில் கைதேர்ந்தவர். அண்ணை லேமினேட் கடிதத்தை எடுத்து நீட்டினார். அவருடைய கிளார்க் அதைப் பிரதி எடுக்கப் போய் மூன்று முறை திரும்பி வந்தான். பிளாஸ்டிக்கில் வெளிச்சம் பட்டு, ஒவ்வொரு பிரதியிலும் கையெழுத்தின் மேல் ஒரு வெள்ளைக் கோடு.

அவர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "நொத்தாரிசு எங்க?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஆங்கிலச் சட்டத்தில் ஈக்குவிட்டபிள் சார்ஜ் என்று ஒன்று இருக்கிறது. ஒப்புரவுப் பொறுப்பு என்று தமிழில் சொல்லலாம். சொத்தை எழுதிக் கொடுக்காமல், கைவசமும் கொடுக்காமல், "இந்தச் சொத்து இந்தக் கடனுக்குப் பொறுப்பு" என்று இருவரும் ஒப்புக்கொண்டாலே ஒப்புரவு நீதி அந்தச் சொத்தின்மேல் ஒரு உரிமையை ஏற்றிவிடும். கடன் வாங்கியவன் முறிந்தாலும் அந்த உரிமை, கடன் கொடுத்த மற்றவர்களுக்கு முன்னால் நிற்கும். கட்டடத் தொழிலில் இது சின்ன விஷயமில்லை. அவுஸ்திரேலியாவில் ஒப்பந்தத்திலேயே இப்படி ஒரு பொறுப்பு வாசகத்தைப் போட்டு, அதைக் காட்டிக் காணிப் பதிவில் ஆட்சேபம் போடுகிறார்கள். சென்னையில் இருக்கும் வாசகருக்கு வேறு ஒன்று பழக்கமாக இருக்கும்: 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 58 ஆம் பிரிவு, சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் மூலப் பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் என்கிறது. இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் அது போதுமாக இருந்தது. 1989 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இருவரும் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும்.

இலங்கையில் இது எதுவும் செல்லாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு, காணி விற்பனைக்கும் ஈட்டுக்கும் மட்டுமல்ல, காணியின்மேல் எந்தப் பிணையையும் பொறுப்பையும் ஏற்படுத்துவதற்கும், ஏற்படுத்துவதாக வாக்குக் கொடுப்பதற்கும்கூட நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்கவேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் சட்டத்தில் அதற்கு வலுவே இல்லை. எங்கள் சனத்தில் எத்தனை பேர் "உறுதி என்ர அலுமாரிக்குள்ள கிடக்கு" என்ற நம்பிக்கையில் கடன் கொடுக்கிறார்கள்! அலுமாரிக்குள் கிடப்பது கடதாசி. ரப்பர் முத்திரைக்கும் அதே கதிதான்.

அதைவிட ஒரு வேடிக்கையும் இருந்தது. கடிதம் எழுதிய 2022 ஓகஸ்டில் 3ஏ, 3பி என்று சட்டத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டப்படி, தொடர்மாடி வரைபடம் பதிவான பிறகுதான் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக விற்கவும் ஈடு வைக்கவும் கூடிய சொத்தாகிறது. வரைபடம் பதிவானது 2023 பெப்ரவரியில். கடிதத் திகதியில் இருந்தது ஒரு காணியும் அதன்மேல் வங்கியின் ஈடும். எங்களுக்கு எழுதித் தருவதாகச் சொன்ன சுவரை நாங்களே இன்னும் பூசி முடிக்கவில்லை.

ஆனால் கடிதத்தைத் தூக்கிப் போடவேண்டியதில்லை என்றார் சட்டத்தரணி. கடன் இருக்கிறது என்பதற்கு அது நல்ல ஒப்புதல். விற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டு விற்றதற்கும் அது சாட்சி.

இரண்டாவது கேள்வி: "கம்பனி உங்களுக்கு எதிராக எழுதின கடிதம் ஏதும் இருக்கா?"

அண்ணை இல்லை என்றார். நான் மேசையைப் பார்த்தேன். நாலாம் மாடிக் குளியலறையில் ஒழுக்கு என்று இரண்டு கடிதம் வந்திருந்தது. நீர்க்காப்பு வேலை சரியில்லை, திருத்தச் செலவு பில்லில் கழியும் என்று. அண்ணை அதை வெறும் சாட்டு என்று கோப்பிலேயே போடவில்லை. கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். அண்ணை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

எதிர்த்தரப்பு இல்லாமல் நீதிபதியின் முன்னால் போய் உத்தரவு கேட்பவன், தனக்குப் பாதகமானதையும் தானே சொல்லவேண்டும். மறைத்தது பிறகு வெளியே வந்தால், வழக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உத்தரவு பறந்துவிடும். அப்புறம் எதிர்த்தரப்புக்கு நட்டஈடும் கட்டவேண்டி வரலாம். ஒழுக்குக் கடிதங்கள் சத்தியக்கடதாசியோடு இணைக்கப்பட்டன. 22 மில்லியன் விலையேற்றக் கணக்கைச் சட்டத்தரணி மனுவில் சேர்க்காமல் விட்டார். "இது சண்டைக்குரிய காசு. சான்றிதழ் இருக்கிற காசை மட்டும் கேப்பம்." 31உம் ரிட்டென்ஷனின் பாதி 4.5உம் சேர்த்து 35.5. விட்ட அந்த 22, மூன்று இரவு விழித்து நான் போட்ட கணக்கு. ஆனாலும் அவர் செய்தது சரி.

எதைக் கேட்பது?

வழக்கு முடியுமுன் கடன்காரன் சொத்தை நகர்த்தாமல் தடுக்கும் சொத்து முடக்கத் தடையுத்தரவு பிறந்த கதையைச் சட்டத்தரணி எங்களுக்குச் சுருக்கமாகச் சொன்னார். 1890 இலிருந்து ஆங்கில நீதிமன்றங்கள், தீர்ப்புக்கு முன்னால் கடன்காரனின் சொத்தில் கை வைக்கமாட்டோம் என்றுதான் இருந்தன. 1975 மே மாதம் டென்னிங் பிரபு என்ற நீதிபதி அந்தப் பழக்கத்தை உடைத்தார். அடுத்த மாதமே மரேவா என்ற கப்பலின் வழக்கு வந்தது. கப்பல்காரர் கப்பலை ஒரு கம்பனிக்கு வாடகைக்குக் கொடுத்தார். அந்தக் கம்பனி அதை இந்திய அரசாங்கத்துக்கு உரம் ஏற்ற உள்வாடகைக்கு விட்டது. இந்தியா 174,000 பவுண்டை லண்டன் வங்கியில் அந்தக் கம்பனியின் கணக்குக்குக் கட்டிவிட்டது. கம்பனி கப்பல்காரருக்கு இரண்டு தவணை கொடுத்துவிட்டு, மூன்றாவதில் கைவிரித்தது. காசு வங்கியில் கிடக்கிறது, எந்த நிமிடமும் நாட்டை விட்டுப் போகலாம். அதைத் தொடாதே என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

அண்ணை இதைக் கேட்டுவிட்டு, "எங்கட கதைதான்" என்றார். பாதை ஒன்றுதான்: வாங்கியவர் கட்டிய காசு நடுவில் நிற்பவரிடம் தங்கிவிட்டது.

ஆனால் அந்த உத்தரவு எதைத் தராது என்பதை அவர் விரலால் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார். அது கடன்காரனின் கையைப் பிடிக்கிறது, சொத்தை உங்களுடையதாக்கவில்லை. 1978 இல் கிரெட்டனோர் என்ற கப்பல் கம்பனியின் வழக்கில், முடக்க உத்தரவு வாங்கி வைத்திருந்தவரைத் தாண்டி, சொத்தின்மேல் பொறுப்பு எழுதிய கடன்பத்திரம் வைத்திருந்தவருக்காக வந்த சொத்துப் பெறுநர் (ரிசீவர்) சொத்தை எடுத்துக்கொண்டார். பொறுப்பு உள்ளவன் முன்னால், உத்தரவு உள்ளவன் பின்னால். எங்கள் கதையில் வங்கி முன்னால் நிற்கிறது. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி, ஈட்டுக்காணியை நீதிமன்றப் படியேறாமலே ஏலத்தில் விடவும் வங்கிக்கு வழி உண்டு.

இன்னொன்று: வழமையான வியாபாரத்தை இந்த உத்தரவு நிறுத்தாது. கட்டி விற்கும் கம்பனி வீடு விற்பதுதான் வழமையான வியாபாரம். 5ஏ 30 மில்லியனுக்குப் போனதை யாரும் குறை சொல்லமுடியாது. 3ஏ மைத்துனருக்கு 12க்குப் போனதைத்தான் சொல்லலாம். வழக்கு முழுவதும் பதிவேட்டின் அந்த ஒரு வரியில் தொங்கியது.

இங்கே அதற்கு உள்ளூர் வழியும் இருக்கிறது. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைக் கோவையின் 653 ஆம் பிரிவு: கடன்காரன் கடனைத் தட்டிக்கழிக்க மோசடியாகச் சொத்தை மாற்றுகிறான் என்று சத்தியக்கடதாசியால் நீதிபதியைத் திருப்திப்படுத்தினால், தீர்ப்புக்கு முன்னரே நீதிமன்ற அதிகாரியான பிஸ்கால் போய்ச் சொத்தைக் கைப்பற்றி வைக்கலாம். கூர்மையான கத்திதான். ஆனால் கேட்பவன் முதலில் பிணைமுறி கொடுக்கவேண்டும். அண்ணையின் வங்கியோ உத்தரவாதம் தருவதற்குக் கையில் காசு கேட்டது. காசு இல்லாததால்தானே ஐயா வழக்குக்கே வந்திருக்கிறோம்! அந்த வழி எங்களுக்கு அங்கேயே அடைபட்டது.

ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வாசகம் வேறு இருந்தது. ஆபிட்ரேஷன் என்றால்தான் சைட்டில் விளங்கும். 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் 5 ஆம் பிரிவுப்படி, அந்த வாசகம் இருக்கும்போது எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை. 13 ஆம் பிரிவு, நடுவர் மன்றமே இடைக்காலப் பாதுகாப்புக்கு உத்தரவிடலாம், மேல் நீதிமன்றம் அதை நிறைவேற்றித் தரும் என்கிறது. நல்லது, ஆனால் நடுவர்களை நியமித்து அவர்கள் முதல் முறை உட்காருவதற்குள் 3பியும் போய்விடுமே? இந்தியாவின் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 9 ஆம் பிரிவு இந்த இடைவெளிக்கென்றே இருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி நேராகச் சொல்லும் பிரிவு இல்லை. ஒரு கையால் நடுத்தீர்ப்புக்கு அறிவித்தல் அனுப்பிவிட்டு, மறுகையால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில் மனுப் போட்டார் சட்டத்தரணி. ஆட்சேபம் வரும் என்று தெரிந்தே போட்டார்.

நடந்தது

இரண்டு விஷயம் கேட்டோம்: கம்பனியின் கணக்கில் 35.5 மில்லியன் அளவுக்கு முடக்கம். 3பியை மாற்றக்கூடாது என்ற தடை. முதலாவதற்கு எதிர்த்தரப்பைக் கேட்காமல் உத்தரவு கிடைக்கவில்லை. கணக்கை முடக்கினால் மற்ற வீட்டுக்காரர்களின் லிப்ட் வேலைகூட நின்றுவிடும் என்ற கவலை நியாயமானது. இரண்டாவதற்குப் பதினாலு நாள் தடை கிடைத்தது. கோவையின் 664 ஆம் பிரிவின்படி முதல் தடவையில் அதற்குமேல் கொடுக்கமுடியாது. பிறகு காரணம் காட்டி நீட்டவேண்டும். ஒழுக்குக் கடிதங்களை முதலிலேயே காட்டியதைப் பற்றி நீதிபதி ஒரு கேள்வி கேட்டார், பதிலைக் கேட்டுத் தலையசைத்தார். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று மாலை தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

எதிர்த்தரப்பு வந்து மூன்று கல்லை எறிந்தது. நடுத்தீர்ப்பு வாசகம், 1840 ஆம் ஆண்டுச் சட்டம், "வீடு விற்பது எங்கள் தொழில்" என்ற பதில். மூன்றும் எதிர்பார்த்ததுதான், மூன்றும் பலமானதுதான். மரேவா மாதிரி முடக்க உத்தரவு இங்கே செல்லுமா, தீர்ப்புக்கு முன்னான கைப்பற்றலுக்குக் கோவையில் தனி அத்தியாயமே இருக்கும்போது அதைத் தாண்டி எப்படிப் போவது என்றும் வாதம் வந்தது. 3ஏயின் உறுதியை உடைக்க உரோமன்-டச்சுச் சட்டத்தில் போலியன் வழக்கு என்று ஒன்று உண்டு. கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த கைமாற்றத்தை அது தள்ளிவிடும். ஆனால் மைத்துனர் காசு கொடுத்து வாங்கியிருப்பதால், அவருக்கும் நோக்கம் தெரியும் என்று காட்டவேண்டும், கம்பனியிடம் வேறு சொத்துப் போதாது என்றும் காட்டவேண்டும். அண்ணைக்கு வயது அறுபத்திரண்டு. அந்த வழக்கை மிரட்டலாக மட்டும் வைத்துக்கொண்டோம்.

தடையின் உண்மையான பலன் வேறு இடத்தில் வந்தது. 3பியை வாங்க கனடாவில் ஒருவர் முற்பணம் கொடுத்திருந்தாராம். அவருடைய சட்டத்தரணி தேடுதலில் வழக்கைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். அடுத்த கிழமையே பணிப்பாளர் அண்ணைக்கு நேரே அழைப்பெடுத்தார்: "அண்ணை, நாங்கள் ஒண்டுக்கை ஒண்டு. கோட்டிலை ஏன்?" இரண்டு வருடமாக எடுக்காத தொலைபேசி.

2023 ஒக்டோபரில், நீதிமன்ற நடைவாசலில் நின்றே பேசித் தீர்த்தார்கள். 28 மில்லியன், பத்துத் தவணை. தவறினால் முழுத் தொகைக்கும் கட்டளை. இணக்க நிபந்தனைகள் நீதிமன்றத்தில் பதிவாயின. சட்டத்தரணி இன்னொன்றையும் விடாமல் பிடித்தார்: 3பியின்மேல் இரண்டாம் ஈடு, வங்கியின் சம்மதத்தோடு, நொத்தாரிசு முறியாக. வெள்ளவத்தையில் ஒரு நொத்தாரிசின் முன்னறையில், இரண்டு சாட்சிகளோடு, அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். பதினாலு மாதத்துக்கு முன் நாலு வரியில் எழுதிய அதே விஷயம் இப்போது பதினொரு பக்கம். அது பதிவாகி வந்த அன்றுதான் கடிதத்தில் சொன்ன 'பொறுப்பு' உண்மையாயிற்று.

ரிட்டென்ஷன் பற்றி

இணக்கத்தில் வராமல் போனது ரிட்டென்ஷனின் மறுபாதி. அதைப்பற்றி எனக்கு ஆத்திரம் இருப்பதால் தனியே சொல்கிறேன். அந்தக் காசு எங்களுடையது. செய்த வேலைக்கான காசு. அது எங்கேயும் தனியாக வைக்கப்படுவதில்லை, கம்பனியின் பொதுக் கணக்கில் கரைந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் 1979 இல் ரேயாக் என்ற கட்டடக் கம்பனி, லாம்பிட்டர் மீட் என்ற இறைச்சிக் கம்பனிமேல் வழக்குப் போட்டது. அந்த ஒப்பந்தத்தில் ரிட்டென்ஷன் ஐம்பது வீதம், ஐந்து வருடத்துக்கு! நல்லவேளையாக ஒப்பந்தத்தில் ரிட்டென்ஷன் நம்பிக்கைப் பொறுப்பாக, அதாவது டிரஸ்ட்டாக, வைக்கப்படும் என்று இருந்தது. அப்படியென்றால் தனிக் கணக்கில் போடு என்று நீதிபதி கட்டளையிட்டார். 1991 இல் மக்-ஜோர்டன் வழக்கில் அதே மாதிரி வாசகம் இருந்தது, ஆனால் யாரும் காசைத் தனியே எடுத்து வைக்கவில்லை. கட்டுவித்த கம்பனி முறிந்தது, வங்கி முன்னால் வந்தது, கட்டியவரின் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட ரிட்டென்ஷன் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், ஒரு கணக்கைத் திறக்கும்படி காலத்தோடு கேட்டதுதான்.

இதை நாங்கள் இங்கே செய்யலாம். இது காசு, காணி இல்லை; 1840 ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வராது. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், தன்னிடம் விடையில்லாத இடத்தில் ஆங்கில ஒப்புரவைப் பார்க்கச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு பந்தி, வங்கியில் ஒரு கணக்கு. அண்ணையின் அடுத்த கொந்தராத்தில் அதைப் போட்டுக் கொடுத்தேன். கட்டுவிப்பவர் வாசித்துவிட்டு, "எங்களை நம்பேல்லையோ?" என்று கேட்டார். அண்ணை சிரித்துக்கொண்டே, "நம்புறன், எண்டாலும் கணக்கைத் திறவுங்கோ" என்றார். திறந்தார்கள்.

கட்டணத்தை விரைந்து பெற்றுத்தரும் தனிச் சட்டம் பிரித்தானியாவில் 1996 இலும், நியூ சவுத் வேல்சில் 1999 இலும், சிங்கப்பூரில் 2004 இலும், மலேசியாவில் 2012 இலும் வந்துவிட்டது. நம்மிடம் இல்லை. இருந்திருந்தால் 31 மில்லியனுக்கு இவ்வளவு நடந்திருக்காது.

எங்களுக்குக் கீழே டைல் பதித்த பாஸ் ஒருவரின் கதையையும் சொல்லவேண்டும். அவருக்கு எழுத்தில் ஒப்பந்தமே இல்லை. அண்ணைக்குக் காசு வராததால் அவருக்கும் வரவில்லை, பொறுத்திருந்தார். எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட ஆறு வருடம் உண்டு; வெறும் வேலைக்கூலிக்கு 1871 ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் கொடுப்பது ஒரே வருடம். அவர் பொறுத்த காலம் பதினாலு மாதம். அண்ணை முதல் தவணை வந்த கையோடு அவருக்குக் கொடுத்துவிட்டார், அது அண்ணையின் குணம். சட்டத்தைக் காட்டியிருந்தால் ஒரு சதமும் கொடுக்கவேண்டி வந்திராது.

பத்துத் தவணையில் ஏழு வந்துவிட்டது, அதில் இரண்டு பிந்தி வந்தது. நாலாம் மாடி ஒழுக்கை நாங்கள் எங்கள் செலவிலேயே திருத்தினோம். உண்மையில் ஒரு மூலையில் நீர்க்காப்பு விட்டுப் போயிருந்தது. ரிட்டென்ஷனின் மிச்சத்தைக் கேட்டால், மழைக்காலம் ஒன்று போகட்டும், ஒழுக்கு நின்றதா என்று பார்ப்போம் என்று பணிப்பாளர் சொன்னார். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன மாதம் 3பியின் கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். காய்ந்துதான் இருக்கிறது.